பாறைமுனையில் ஒரு பலகை



அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசசூசெற்ஸ் மாநிலத்துத் தென்கரையை அடுத்து எலிசபெத் தீவுகள் எனச் சிறு தீவுக்கூட்டம் ஒன்றுண்டு. அதன் மேற்குக் கோடியிற் கிடப்பது கட்டிஹங்க். 1602ஆம் ஆண்டில் பார்தலோமியூ கொஸ்னல்ட் என்னும் ஆங்கில மாலுமி அங்கே சிறு கோட்டையொன்று கட்டிச் சில வாரங்கள் தங்கிச் சென்றான். தீவுக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது அக்கோட்டையன்று, ஒரு மீன்.

அம்மீனை வரிப்பாஸ் என்று சொல்லி வைப்போம். நம் கொடுவாவை ஒருவாறு ஒத்த உருவம்; வெள்ளி நிற உடலில் தலை முதல் வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள். அறிவியலார் அதற்கிட்ட பெயரின் பிற்பாதியாகிய ‘சக்சாற்றிலிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குப் பாறைகளிடையே வாழ்வது என்பது பொருள். அலை மோதி வெண்ணுரை எழும் கற்களின் அடியில், நிலைதடுமாறும் சிறுமீன்களை இரைகொள்ளக் காத்திருப்பது அதன் இயல்பு. ஐம்பது றாத்தலுக்கு மேல் வளர்ந்தவையும் உண்டு.

பள்ளிக்கூடத்து மனிதனாகிய நான் இங்கே ஒன்று சொல்லாமற் போக முடியாது. 1639இலேயே மசசூசெற்ஸ் குடியேற்றத்தார் இம்மீனை வயலுக்கு உரமாக இடுதல் கூடாதெனச் சட்டம் செய்தனர். 1670இல் பிளிமத் குடியேற்றத்தார் கேப் கொட் கரையின் மீன்பிடியால் வரும் வருவாயைக் கொண்டு இலவசப் பாடசாலை ஒன்றை நடத்தத் தீர்மானித்தனர். வரி கொண்ட மீன் வரியும் கட்டிற்று என்க.

1864ஆம் ஆண்டில் நியூயோர்க் செல்வர் சிலர் கூடிக் கட்டிஹங்க் மீன்பிடிக் கழகத்தை நிறுவினர். அவர்கள் படகேறவில்லை. கரையோரப் பாறைகளில் இரும்புக் கம்பிகளை அறைந்து நிறுத்தி, அவற்றின்மேல் ஒடுங்கிய பலகைகளைப் பாலம்போல நீட்டி, முனையில் ஓர் இருக்கையும் அமைத்தனர். எந்தப் பலகை எவருக்கு என்பதை முன்னாள் மாலையே சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். விடியுமுன் எழுந்து, இருளில் நடந்து, தமக்குரிய முனையைச் சேர்வர்.

அவர்களின் கருவிகளைக் காண்போம். எட்டொன்பது அடி நீளமுள்ள கோல். அக்காலத்து அமெரிக்கத் தூண்டிற்கோல் செய்வோர் விரும்பி வாங்கிய மூங்கில் வங்கத்திலிருந்து கப்பலேறிச் சென்றது. அங்கே அதன் பெயரே கல்கத்தா. நூலோ ஆளிச்செடியின் நாரை முறுக்கியது. தீவின் பெயரே அந்நூலுக்கும் வாய்த்து, பின்னர் உலகெங்கும் கடற்றூண்டிற்காரர் அதைக் ‘கட்டிஹங்க்’ என்றே கேட்டு வாங்கினர். ஓரிழைக்கு மூன்று றாத்தல் தாங்கும் என்பது கணக்கு. நனைந்தால் வலிமை கூடும். ஈரத்தோடு சுற்றி வைத்தால் உளுத்துப்போகும். ஆதலின் ஒவ்வொரு நாளும் அதை உருளையிலிருந்து கழற்றி உலர்த்த வேண்டும். தங்கூசியிலே பழகிய நம்மவர்க்கு இத்தொல்லை தெரியாது.

உருளையில் இக்காலத்தைப்போல ஓட்டத்தைத் தானே தடுக்கும் பொறி கிடையாது. நட்சத்திர வடிவத் திருகுள்ள தடைப்பொறி 1913 அளவிலேதான் வந்தது. அதற்கு முன் பெருவிரலே தடை. மீன் பாய்ந்து ஓடும்போது நூல் தோலைச் சுடாதிருக்க, கம்பளியால் பின்னிய உறையை விரலில் மாட்டிக்கொண்டனர். அழுத்தம் மிகுந்தால் நூல் அறும். குறைந்தால் மீன் பாறையிடுக்கிற் புகுந்து நூலைக் கல்லில் உராய்த்து அறுத்துவிடும். ஆகவே கோலை உயர்த்திப் பிடித்து, ஓடும்வரை ஓடவிட்டு, களைத்த பின்னரே இழுத்தல் வேண்டும். அப்போதும் பின்வாங்கும் அலையோடு மல்லுக்கு நிற்றல் ஆகாது. ஏறிவரும் அலையே மீனைக் கல்லருகே சுமந்து வரும். அந்நொடியில் ஒருவன் வழுக்குப்பாறையில் இறங்கிக் கொக்கியால் அதைக் கோத்தெடுக்க வேண்டும்.

அந்த ஒருவன் யார்? செல்வர் அல்லர். ஒவ்வொரு பலகைக்கும் கூலிக்கு அமர்த்திய உள்ளூர் இளைஞன் ஒருவன் உண்டு. சிங்க இறாலையும், மென்ஹேடன் என்னும் எண்ணெய் மிகுந்த சாளையின மீனையும் நறுக்கி, அகப்பையால் அள்ளிக் கடலில் தூவி மீனை வரவழைப்பவன் அவன். சிங்க இறாலின் வாற்சதையைத் தூண்டிலிற் கோத்துக் கொடுப்பவனும் அவனே. எந்த நீரோட்டத்தில், எந்தக் கல்லுக்கு அப்பால் மீன் நிற்கும் என்ற அறிவும் பெரும்பாலும் அவனுடையதே. கழகத்துக் கணக்கேட்டில் மீனுக்கு உரியவராகப் பதிந்தது பலகைக்கு உரியவரின் பெயர்.

அந்தக் கணக்கேடு ஒரு நன்மை செய்தது. பிடித்த மீன்களை ஆண்டுதோறும் நிறுத்து எழுதிவந்ததால், நூற்றாண்டின் இறுதியை நெருங்க மீன் அருகிவந்தமை அதிலே தெளிவாயிற்று. பிற்கால மீனியல் ஆய்வாளரும் அதைச் சான்றாகக் கொண்டனர். குறை பாறையிலே இல்லை. இம்மீன் கடலில் வாழ்ந்து ஆற்றில் முட்டையிடுவது. தொலைவிலுள்ள செசபீக், ஹட்சன் நீர்நிலைகளிலே வலைகளும் கழிவுகளும் செய்த கேட்டைக் கட்டிஹங்க் பலகையில் இருந்தவர் எவ்வாறு காண்பார்? மீன் வராமற் போகவே கழகமும் தளர்ந்தது. 1920களின் தொடக்கத்தில் அதன் கட்டடம் வில்லியம் வுட் என்னும் கம்பளி ஆலை அதிபரின் உடைமையாயிற்று. 1912இல் லோரன்ஸ் நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது இவருடைய ஆலைகளுக்கு எதிராகவும்தான்.

விந்தை யாதெனில், மீன் அருகிய அந்நாளிலேதான், 1913இல், சார்ல்ஸ் சேர்ச் என்பவர் அயலிலுள்ள நீரிணையில் 73 றாத்தல் எடையுள்ள ஒன்றைப் பிடித்தார். அவர் இருந்தது படகில், இரை விலாங்கு. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதை விஞ்சியவர் இலர். 1982இல் அத்திலாந்திக் நகரத்துக் கல்லணைமேல் நின்று, புயலடித்த இரவொன்றில், மக்ரெய்னல்ட்ஸ் என்பவர் 78½ றாத்தல் மீனைக் கரைசேர்த்தார். மீண்டும் கல்லே வென்றது.

அப்போது மீனினமே அழியும் நிலையிலிருந்தது. 1984இல் அமெரிக்கப் பேரவை காப்புச் சட்டம் இயற்றியது. மேரிலாந்து மாநிலம் 1985இல் இம்மீனைப் பிடிப்பதையே தடுத்தது. 1995இல் மீனினம் மீண்டதென அறிவித்தனர். 2019இல் அளவுக்கு மிஞ்சிப் பிடிபட்டு மறுபடி குன்றியதெனக் கண்டனர். 2023இல் வந்த விதி, கடலிலே தூண்டிலிடுவோர் 31 அங்குலத்துக்கு மேற்பட்ட வரிப்பாஸை உயிரோடு திரும்ப விடவேண்டும் என்றது. முட்டை மிகுதியாக இடுபவை பெரிய பெண்மீன்களே. கட்டிஹங்க் செல்வர் இருளில் எழுந்து தேடிச்சென்றவையும் அவையே.