கட்டை என்னும் சுருதிக் கணக்கு

“அவருக்கு ஐந்து கட்டைக் குரல்” என்று நல்ல நாடகப் பாடகரைப் பற்றி எமது ஊர்களில் சொல்வார்கள். பண்டைய தமிழிசையில் பண் உண்டு, பாலை உண்டு. குரலின் உயரத்தைக் கட்டையால் அளக்கும் வழக்கம் இல்லை. அப்படியாயின் இந்தக் கட்டை எங்கிருந்து வந்தது?

அது ஆர்மோனியத்தின் கட்டை. ஆங்கிலத்தில் ‘சி’ எனப்படும் வெள்ளைக் கட்டையை ஒன்று என வைத்து ஏழு வரை எண்ணுவார்கள். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை கிடையாது. ஏனெனில் மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நாலாவதற்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லை. இந்த ஓர் இடைவெளியே சொல்லின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தூரத்தையும் நாம் இப்படித்தான் அளந்தோம். வீதியோரம் நட்ட கட்டையே மைலுக்குப் பெயராகி, “சந்தை ரெண்டு கட்டை தூரம்” என்றானது.

ஆர்மோனியத்தின் மூதாதை தேவாலயங்களின் குழாய் ஓர்கன். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தெசிபியஸ் என்ற கிரேக்கப் பொறியாளர் நீரின் அழுத்தத்தால் குழாய்களுக்குக் காற்றூட்டும் கருவியைச் செய்தார். அரசவைக் கருவியாக வளர்ந்த அது, 757இல் பைசாந்தியப் பேரரசரின் பரிசாகப் பிராங்கிய மன்னர் பெப்பினிடம் சென்றது. தேவாலயத்தினுள் நுழைந்தது அதன் பின்னரே. மத்தியகால ஓர்கன்களில் இழுத்துத் தள்ளும் பலகைகள் இருந்தன. எது எந்தச் சுரம் என்று அறிய அவற்றின்மேல் எழுத்துக்களைப் பொறித்தார்கள். இலத்தீனில் அதைக் ‘கிளாவிஸ்’, அதாவது சாவி, என்றார்கள். ஆங்கிலத்தின் ‘கீ’ அதன் மொழிபெயர்ப்பே. பிரெஞ்சுக்காரரின் ‘தூஷ்’ தொடுதலைக் குறிப்பது. தமிழன் கண்டதோ விரலின் கீழ் இருந்த மரத்துண்டை, கட்டை என்றான்.

ஓர்கன் வாங்க வசதியற்ற சிறு தேவாலயங்களுக்கும் வீடுகளுக்கும் ஏற்றதாக, குழாய்க்குப் பதில் உலோக நாக்குகள் அதிரும் ஆர்மோனியத்துக்கு 1842இல் பாரிஸில் அலெக்சாந்தர் டெபான் காப்புரிமை பெற்றார். காலால் மிதிக்கும் அந்தப் பெட்டி கப்பலேறி இந்தியா வந்தது. தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்கும் வடிவத்தை 1880களில் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் உருவாக்கினார். பார்சி நாடகக் கம்பனிகளோடு அது தென்னாட்டு மேடைகளுக்கு வந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்கள் அதன் ஒலியிலேயே ஊர் ஊராகப் போயின. ஒலிபெருக்கியில்லாத அந்தக் காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமானால் உயர்ந்த கட்டையில் பாடவேண்டும், எஸ். ஜி. கிட்டப்பாவின் (1906–1933) புகழ் அவ்வாறு வந்தது. கடல்கடந்து வந்த அந்த மரபில்தான் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் (1924–1989) மயானகாண்டத்தை யாழ்ப்பாணம் விடியவிடியக் கேட்டது.

இப்படி ஊரோடு ஒன்றிய பெட்டியை 1940இல் அகில இந்திய வானொலி தடைசெய்தது. கமகத்தை அதால் எழுப்பமுடியாது, அதன் சுரங்கள் எமது சுரங்களல்ல, அது அந்நியப் பெட்டி என்றார்கள். தாகூரும் அதை விரும்பாதவர். 1971இல்தான் தடை தளர்ந்தது. கமகம் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளிலும், அந்தப் பெட்டியை மேடையில் ஏற்றாத கர்நாடக வித்துவான்களும் மிருதங்கத்துக்குச் சுருதி சொன்னது கட்டைக் கணக்கில்தான். வானொலி நிலைய வாசலில் பெட்டியை மறிக்கமுடிந்தது, சொல்லை மறிக்கமுடியவில்லை.

இன்று பிக்கரிங்கிலும் ஸ்காபரோவிலும் சங்கீதம் பயிலும் எமது பிள்ளைகளிடம் மின்சுருதிப்பெட்டி இருக்கிறது. ஆசிரியர் “ஐந்து கட்டை” என்கிறார். பிள்ளை “ஜீ” என்கிறது. எமது சங்கீதத்துக்கு இங்கிலீஷ் எழுத்தா என்று பெற்றோர் மனம் நோகிறார்கள். ஆனால் அந்த ‘ஜீ’ மத்தியகாலத் துறவிகள் ஓர்கன் பலகையில் பொறித்த எழுத்துக்களில் ஒன்று. ‘ஐந்து கட்டை’ அதே இடத்தை எமது நாடகக்காரர் விரல்விட்டு எண்ணிய எண். ஒன்று தூயது, மற்றது கலப்பு என்று சொல்ல வரலாற்றில் இடமில்லை.

ஆகவே பிள்ளையைத் திருத்துவதில் பயனில்லை. மூன்றரைக் கட்டை ஏன் இல்லை என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள். விடை தேடி அது விசைப்பலகையைப் பார்க்கும்; அங்கிருந்து கல்கத்தாவையும் மயானகாண்டத்தையும் நாம் சொல்லிக்கொடுக்கலாம்.