கான்க்ரீட் சீக்கிரம் இறுக என்ன வழி? சென்ட்ரிங்கை எப்போது பிரிக்கலாம்? முழு விவரம்!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் பழைய அடுக்குமாடிகளை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை தெருவுக்குத் தெரு நடக்கிறது. வாடகை வீட்டில் காத்திருக்கும் உரிமையாளருக்கு அவசரம். சென்ட்ரிங் சாமானுக்கு நாள் வாடகை கொடுக்கும் கான்ட்ராக்டருக்கும் அவசரம். ஆனால் அவசரப்பட்டு முட்டைப் பிரித்தால் தளம் தொங்கலாம், விரிசல் விடலாம், இடிந்தும் விழலாம்.

கான்க்ரீட் எப்படி இறுகுகிறது?

கான்க்ரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் வேதிவினை புரிவதால்தான் இறுகுகிறது. அதன் பலம் 28-வது நாளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எம்20 என்றால், 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் (ஓபிசி) என்றால், 7 நாளில் தோராயமாக மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்துவிடும்.

எத்தனை நாளில் பிரிக்கலாம்?

ஐஎஸ் 456:2000 விதிப்படி, ஓபிசி பயன்படுத்தினால் குறைந்தபட்சம்:

* தூண், சுவரின் பக்கப் பலகை: 16 முதல் 24 மணி நேரம்
* 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டு: 7 நாள், அதற்கு மேல் 14 நாள்
* 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமின் முட்டு: 14 நாள், அதற்கு மேல் 21 நாள்

வேறு சிமென்ட் என்றால் இந்தக் கணக்கு மாறும். ஓபிசி 53 கிரேடு சிமென்ட் 3 நாளில் குறைந்தது 27 நியூட்டன் பலம் தர வேண்டும். சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டுக்கு அந்த அளவு 16 மட்டுமே. எனவே எந்த மூட்டை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகப்படுத்த என்ன வழி?

முதல் வழி, தண்ணீரைக் குறைப்பது. கலவை கெட்டியாக இருக்கிறதென்று சைட்டில் ஹோஸைப் பிடித்தால் பலம் போச்சு! அதற்குப் பதில் சூப்பர் பிளாஸ்டிசைசர் சேர்த்தால், குறைந்த தண்ணீரிலேயே கலவை இளகும். எவ்வளவு சேர்க்கலாம் என்பதை இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நீராவி. தொழிற்கூடத்தில் வார்க்கப்படும் கான்க்ரீட் பாகங்களுக்கு நீராவி கொடுத்தால், ஒரே நாளில் அச்சிலிருந்து எடுக்கும் அளவுக்குப் பலம் வந்துவிடும். வீட்டுத் தளத்துக்கு இது சரிப்படாது.

மூன்றாவது, ஆக்சலரேட்டர் எனப்படும் வேகமூட்டி ரசாயனம்.

சென்னையில் என்ன கவனிக்கணும்?

வேகமூட்டிகளில் பழையது, மலிவானது கால்சியம் குளோரைடு. ஆனால் குளோரைடு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கடலோர ஏரியாக்களில் உப்புக்காற்றும், சில இடங்களில் உப்புத் தண்ணீரும் ஏற்கெனவே சேர்ந்துகொள்கின்றன. கம்பி போட்ட கான்க்ரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது அதே விதி. எனவே போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் ஊற்ற வேண்டாம். வேகமூட்டி தேவைப்பட்டால், குளோரைடு இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள்.

சென்னை வெயிலில் கான்க்ரீட் தானாகவே சீக்கிரம் இறுகும். ஆனால் மேற்பரப்பு வேகமாக உலர்ந்தால் விரிசல் விழும், பிற்கால பலமும் குறையும். ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், பிபிசிக்கு 10 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது, ஈரச்சாக்கு போர்த்துவது இதற்காகத்தான்.

உங்கள் வீட்டுக்கு என்ன செய்யலாம்?

தளம் போடும் அன்றே க்யூப் எடுக்கச் சொல்லுங்கள். அதை 7, 28-வது நாளில் லேபில் உடைத்துப் பார்த்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். "இறுகிடுச்சு சார்" என்ற வார்த்தையை மட்டும் நம்பி முட்டைப் பிரிக்க விடாதீர்கள்.