போர்வையெனப் பெயர் பெற்ற மீன்

முத்துக்குளிப்பு மன்னார்க் கடலுக்கு மட்டும் உரிய தொழிலன்று. பனாமா வளைகுடாவிலும் இஸ்பானியர் அடிமைகளைக் கொண்டு முத்தெடுத்தனர். 1735இல் அப்பக்கம் பயணஞ்செய்த உல்லோவா என்னும் கடற்படை அதிகாரி, அச்சுழியோடிகள் சுறாவுக்கு அஞ்சியவாறே வேறொரு மீனுக்கும் அஞ்சினர் என எழுதிவைத்தார். அது ஆளைச் சுற்றிச் சுருட்டிக் கொன்றுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இஸ்பானிய மொழியில் 'மந்தா' என்றாற் போர்வை. அதுவே அம்மீனின் பெயராயிற்று. தலையின் முன்னே நீளும் இரு மடல்களிலே ஐரோப்பியர் பேயின் கொம்பைக் கண்டனர். நம்மவரோ கொம்புத்திருக்கை என்றதோடு அமைந்தனர், பேயைச் சேர்க்கவில்லை.

உண்மையில் அதற்குக் கொட்டும் முள் இல்லை. 7 மீற்றர் வரை அகலும் அவ்வுடம்பு, கண்ணுக்கு அரிதிற் புலப்படும் மிதவையுயிர்களை உண்டே வளர்கிறது. அவற்றை வாய்க்குள் ஒதுக்கித் தருபவை அக்கொம்புகளே, வடித்தெடுப்பவை செவுள்கள்.

இரை எங்கே திரளுமோ அங்கே இம்மீனும் திரளும். மாலைதீவிலே தென்மேற் பருவக்காற்று வீசுங்காற் பவளத்தீவுகளின் கிழக்குப் புறத்திலும், வடகீழ்க் காற்றின்போது மேற்குப் புறத்திலும் அதனைக் காணலாம். அங்குள்ள ஹனிஃபாரு குடாவினுள் நீரோட்டம் இரையைத் தள்ளி அடைக்க, திருக்கைகள் கூட்டங்கூட்டமாய் வந்து மேயும். 2009இல் அக்குடா பாதுகாக்கப்பட்ட பிரதேசமாயிற்று. அதே ஆண்டில், ஒரே இனமென நெடுங்காலம் எண்ணப்பட்டது இரண்டென்றும் தெளிவாயிற்று: ஒன்று பவளப்பாறையைச் சார்ந்தது, மற்றையது ஆழ்கடலிற் பெருந்தொலைவு திரிவது.

ஓராண்டளவு சுமந்து பெரும்பாலும் ஒரேயொரு குட்டியையே ஈனும் இவ்வுயிருக்குச் சீன மருந்துச் சந்தையாற் கேடு வந்தது. உலர்ந்த செவுளுக்கு அங்கே நல்ல விலை. நீர்கொழும்பு, மிரிஸ்ஸ முதலிய நம் துறைகளிலும் திருக்கைகள் பெருந்தொகையாய் இறக்கப்பட்டன. மீனவரை மட்டும் நோவது முறையன்று. அவர் வலை விரித்தது சூரை மீனுக்கு.

2013இல் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையொன்று செவுள் வாணிபத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2019இல் இந்து சமுத்திரச் சூரைமீன் ஆணைக்குழு, வலைப்பட்ட கொம்புத்திருக்கையை இயன்றவரை உயிரோடு விடுவிக்குமாறு விதி செய்தது. ஆனால் இம்மீன் முன்னோக்கி நீந்தினாலன்றி மூச்செடுக்க இயலாதது. இரவிலே மிதக்கவிட்ட வலையை விடியலில் இழுக்கும்போது, பல வேளைகளில் அது இறந்தே கிடக்கும்.