தச்சரின் ஈரலும் மீன் குளமும்

1874, கல்கத்தா. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில ஒரு சீனத் தச்சர் இறந்து போனார். பிரேதப் பரிசோதனை செஞ்ச டாக்டர் ஜேம்ஸ் மெக்கானல், பித்தக் குழாய்களுக்குள்ள இலை மாதிரி தட்டையான புழுக்களைப் பார்த்தார். அதுவரைக்கும் யாரும் விவரிக்காத புழு. அடுத்த வருஷம் 'லான்செட்' இதழ்ல எழுதினார். இன்னிக்கு அதுக்குப் பேர் குளோனார்க்கிஸ் சினென்சிஸ், சீனக் கல்லீரல் தட்டைப்புழு.

புழு உள்ளே போன வழி தெரிய 1910கள் வரை ஆச்சு. கண்டுபிடிச்சவங்க ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள். மலத்துல இருக்கிற முட்டை தண்ணிக்குப் போகும், நத்தை தின்னும், நத்தையில வளர்ந்து மீனோட சதைக்குள்ள ஏறும். அந்த மீனைப் பச்சையா தின்னா நம்ம ஈரல்.

இதை நான் தேடிப் போனது வேற காரணத்துக்கு. தெற்குச் சீனாவுல முத்து ஆற்றுப் படுகையில ஒரு பழைய முறை உண்டு. கரையில மல்பெரி, இலை பட்டுப்புழுவுக்கு, புழுவோட எச்சம் குளத்து மீனுக்கு, குளத்துச் சேறு மறுபடி மல்பெரிக்கு. எதுவும் வீணாகாது. படிச்சதும் நானும் 'ஆஹா'ன்னு வாயைப் பிளந்தவன்தான்.

இதுல சூட்சுமம் என்னன்னா, மீன் எருவை நேரா தின்னுறது ரொம்பக் கொஞ்சம். எரு கரைஞ்சு தண்ணியில நுண்பாசியை வளர்க்கும், வெள்ளிக்கெண்டை அதைத் தின்னு கொழுக்கும். நம்ம ஊர் குளத்துல சாணம் கரைக்கிறதும் இதுக்குத்தான். அளவு மிஞ்சினா ராத்திரியில தண்ணியில ஆக்சிஜன் தீர்ந்து, விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்கும்.

ஆனா குளத்துக்குப் போனது பட்டுப்புழு எச்சம் மட்டும் இல்லை. பன்றிக் கழிவும் போச்சு, பல இடங்கள்ல குளத்து மேலேயே கட்டின மனுஷக் கழிப்பறையும் இருந்துச்சு. பன்றி, நாய், பூனை, மனுஷன் எல்லார் உடம்புலயும் அந்தப் புழு குடியிருக்கும். பச்சை மீன் சாப்பிடுற பழக்கம் உள்ள அதே குவாங்டாங் மாகாணம்தான் இந்தப் புழு அதிகமா உள்ள இடங்கள்ல ஒண்ணு. பித்தக் குழாய்ப் புற்றுநோய்க்கும் இது காரணம்னு 2009ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதி செஞ்சுது.

1988ல வேற பயம் கிளம்பிச்சு. ஷோல்டிசெக், நெய்லர்னு ரெண்டு பேர் 'நேச்சர்'ல எழுதினாங்க: கோழி, பன்றி, மீன் மூணையும் ஒண்ணா வளர்த்தா, பறவை ஃப்ளூவும் மனுஷ ஃப்ளூவும் பன்றி உடம்புல கலந்து புது வைரஸ் வரலாம். வெத்துப் பயம்னு சொல்ல முடியாது. 1957, 1968 கொள்ளைநோய் வைரஸ்கள்ல பறவை மரபணுத் துண்டுகள் இருந்துச்சு. மீன்வளர்ப்பு ஆட்கள் அதே இதழ்ல மறுத்தாங்க. மீன் குளத்துலேருந்து ஒரு கொள்ளைநோய் கிளம்பினதா இதுவரை நிரூபணம் இல்லை.

எல்லாரும் ஃப்ளூவைப் பத்திச் சண்டை போட்டுட்டு இருந்த நேரத்துல சத்தமில்லாம ஒண்ணு நடந்துச்சு. பழைய குடியானவன் வீட்டுல ரெண்டு மூணு பன்றி, அதுவும் மிச்சம் மீதியைத் தின்னு வளர்ந்தது. புதுப் பண்ணையில ஆயிரக்கணக்குல கோழி, தீவனத்தோட ஆன்டிபயாடிக். கோழிக் கூண்டு குளத்து மேல, எச்சம் நேரா தண்ணியில. 2002ல வெளியான டென்மார்க்-தாய்லாந்து ஆய்வு இப்படிப்பட்ட தாய்லாந்துப் பண்ணைகளைப் பார்த்துச்சு. அதுல புது வளர்ப்புச் சுற்று தொடங்கின ஒரு பண்ணையில, குளத்துல இருந்த ஒரு வகைப் பாக்டீரியாவுல ரெண்டு மருந்துகளுக்கு எதிர்ப்பு முதல்ல 1-5 சதவீதம். ரெண்டே மாசத்துல 100.

முறை பழசுதான். அதுக்குள்ள போற கழிவு மாறிப் போச்சு. முன்னோர் செஞ்சதுன்னு நாம கும்பிடுறதும், அசிங்கம்னு மூக்கைப் பொத்துறதும், ரெண்டுமே அந்தக் கழிவுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்காம சொல்றதுதான்.

புழுவுக்கு வழி இருக்கு. எருவை நல்லா மக்க வச்சா முட்டை சாகும், மீனைக் கொதிக்க வச்சா புழு சாகும். ஆனா மருந்தை ஏமாத்தக் கத்துக்கிட்ட பாக்டீரியா குளத்துச் சேத்துலயும் தண்ணியிலயும் உக்காந்திருக்கே, அதை எந்த அடுப்புல ஏத்துறது?