கோவைக்கு வந்த ஒரு பழைய வழக்கு

ஒருவன் மீட்படைவது அவன் கடவுளைத் தேர்ந்ததாலா, அன்றி அவன் பிறக்குமுன்பே கடவுள் அவனைத் தேர்ந்துவிட்டதாலா? ஐரோப்பியக் கிறித்தவம் இவ்வினாவால் நெடுங்காலம் பிளவுண்டு கிடந்தது. மீட்படைவோர் யாவர் என்பது முன்பே குறிக்கப்பட்டது என்றனர் கால்வினின் வழிவந்தோர். அருளை ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில் உள்ளது என்றனர் ஆர்மினியுஸின் மாணாக்கர். 1618-19இல் டோர்ட் நகரில் கூடிய மன்றம் பின்னவரைக் கண்டித்து, அவர்தம் போதகர்களைப் பதவி நீக்கியது. இவ்வழக்கு கொங்கு நாட்டிற்கு வந்தபோது என்னவாயிற்று என்று காண்போம்.

முதலில் வந்தோர் இயேசு சபையார். கத்தோலிக்கருள்ளும் இதே பூசல் இருந்தது. மனித விருப்பிற்கு இடம் தந்து மொலினா 1588இல் எழுதிய நூலை டொமினிக்கன் சபையார் கடுமையாக எதிர்த்தனர். போப் ஐந்தாம் பால் 1607இல் தீர்ப்பேதும் வழங்காமலே விசாரணையை முடித்துவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ராபர்ட் தெ நோபிலி மதுரை வந்து சேர்ந்திருந்தார். 1623இல் அவர் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்குப் பயணமானார். இங்கு அவர் எதிர்கொண்டது கால்வினை அன்று, வினைப்பயனை. மறுபிறவியை மறுத்துப் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்றே ஒரு நூலும் எழுதினார். தலையெழுத்து என்னும் சொல் நாள்தோறும் புழங்கும் ஊரில், எல்லாம் முன்பே குறிக்கப்பட்டது என்று ஒரு போதகர் சொன்னால், கேட்போர் அதில் புதிதாக எதைக் காண்பர்? விதியிலிருந்து விடுதலை என்று சொல்ல வந்தவர், விதியையே வேறு பெயரில் விற்க இயலாதன்றோ!

இதே நெருக்கடி இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த லண்டன் மிஷனுக்கும் இருந்திருக்கும் என்பது நம் கருத்து. அச்சங்கம் 1827இல் சேலத்திலும், ஆடிஸ் பாதிரியார் வழியாக 1830இல் கோவையிலும் பணி தொடங்கியது. அதைத் தாங்கிநின்ற காங்கிரிகேஷனல் சபையார் கால்வினிய மரபினர். 1658ஆம் ஆண்டின் சவாய் அறிக்கை அவர்களுடையது. முன்குறிப்பு அதில் ஐயமின்றி இடம்பெற்றுள்ளது. ஆனால் மனந்திரும்புக என்று அழைப்பவர், திரும்ப உனக்கு இயலும் என்பதையும் உடன்சொல்லியே ஆகவேண்டும்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது நிகழ்ந்ததுதான் உண்மையில் வியப்பிற்குரியது. ஆங்கிலிக்கர் தம் முப்பத்தொன்பது விதிகளோடு வந்தனர். அவற்றுள் பதினேழாவது முன்குறிப்பைப் பற்றியது. மெதடிஸ்டுகளோ 1739இல் முன்குறிப்பைச் சாடிப் பிரசங்கித்த ஜான் வெஸ்லியின் பிள்ளைகள். கொங்குப் பகுதியின் லண்டன் மிஷன் சபைகள் 1908இல் அமைந்த தென்னிந்திய ஐக்கிய சபை வழியே வந்தன. அந்த ஐக்கிய சபையிலேயே டோர்ட் மன்றத்தின் தீர்மானங்களை ஏற்ற அமெரிக்க மரபினரும் இருந்தனர். இத்தனை பேரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர். வேதாகமமும், அப்போஸ்தலர், நிசேயா என்னும் இரு விசுவாசப் பிரமாணங்களும் இணைப்பிற்குப் போதுமென்று கொள்ளப்பட்டன. முன்குறிப்பு அப்பிரமாணங்கள் இரண்டிலும் இல்லை. வழக்கு தீரவில்லை, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது, அவ்வளவே.

1950இல் கோவைப் பேராயம் அமைந்தபோது முதற்பேராயரானவர் ஏ. ஜே. அப்பாசாமி. கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927லேயே நூலெழுதியவர். இராமானுசரிடம் ஈடுபாடு கொண்டவர். அவர் மனங்கொண்ட வைணவத்திலும் இதே வழக்கு உண்டு. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலையாருக்கு உவமை. தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி தென்கலையாருக்கு. கோயிற்பூசல்கள் நீதிமன்றம் வரை சென்றதுண்டு என்றாலும், டோர்ட்டைப் போல ஒரு மன்றம் கூடி ஒரு குட்டியைத் துரத்திவிடவில்லை.

தமிழ் வேதாகமத்தில் ஒரு சிறு வேடிக்கை உண்டு. கடவுள் மனிதரைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பழைய மொழிபெயர்ப்பு 'தெரிந்துகொண்டார்' என்றே சொல்லும். தெரிதல் என்றால் அன்று தேர்தல். இன்றைய செவிக்கு அறிதல். கடவுள் முதலில் தேர்ந்தாரா, அன்றி யார் ஏற்பார் என்பதை முன்பே அறிந்து தேர்ந்தாரா என்பதில்தான் கால்வினியரும் ஆர்மினியரும் மோதிக்கொண்டனர். கோவை ஆலயமொன்றில் இன்று அவ்வசனம் வாசிக்கப்படுகையில், கேட்பவர் எந்தப் பொருளில் கொள்கிறார் என்று எவரும் அவரைக் கேட்பதில்லை.