சால்ட் லேக்கும் பிதான் ராயின் கடிதங்களும்

கல்கத்தா நகரின் வடகிழக்கே, நேராகக் கிழித்த வீதிகளும் எழுத்துக்களையே பெயராகக் கொண்ட வட்டாரங்களுமாக அமைந்திருக்கும் சால்ட் லேக், சர்க்கார் ஏடுகளில் பிதான் நகர் என்று வழங்குகிறது; 1948 ஜனவரியிலிருந்து 1962 ஜூலை 1-ஆம் தேதி உயிர் பிரியும் வரையில் மேற்கு வங்காளத்தின் முதன் மந்திரியாக விளங்கிய டாக்டர் பிதான் சந்திர ராயின் பெயர் அது. ஆனால் சேற்று நீரில் மணலைக் கொட்டி ஒரு நகரத்தை எழுப்பும்படியான நெருக்கடி அந்த ராஜ்யத்துக்கு எப்படி நேர்ந்தது என்பதை அறிய விரும்புகிறவர், நகரின் வரைபடத்தைக் காட்டிலும், அவருக்கும் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேருவுக்கும் இடையே அவ்வாண்டுகளில் நடந்த கடிதப் போக்குவரத்தைப் படிப்பதே நலம் என்பது என் அபிப்பிராயம்.

ராஜ்ய அரசியல்வாதிகளின் கடிதங்களைத் தேடிச் சேர்த்துக் காப்பதில் அமெரிக்கர்கள் நமக்கு முன்னோடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க் ராஜ்யத்தின் அரசியலைத் தம் விரல்நுனியில் வைத்திருந்தவரும், ஆல்பனி நகரில் பத்திரிகை நடத்தியவருமான தர்லோ வீட் என்பவரும், அவருடைய துணையால் அந்த ராஜ்யத்துக்குக் கவர்னராகிப் பின்னர் லிங்கனின் மந்திரிசபையில் அமர்ந்த வில்லியம் சீவர்டும் விட்டுச் சென்ற கடிதக் குவியல்கள் ராச்செஸ்டர் சர்வகலாசாலையில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஒரு ராஜ்யத்துக்கும் மத்திய அதிகாரத்துக்கும் உள்ள உண்மையான உறவு சட்டப் புத்தகத்தில் பாதியும் இத்தகைய கடிதங்களில் பாதியுமாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவற்றைப் புரட்டியவர்கள் அறிவர். நம் நாட்டில் நேரு முதன் மந்திரிகள் அனைவருக்கும் 1947 அக்டோபர் முதல் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை எழுதி வந்த பொதுக் கடிதங்களை, ஜி. பார்த்தசாரதி ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறார். பிதான் ராயோடு நடந்த கடிதப் போக்குவரத்தோ வேறு தரத்தது. அதில் பெரும்பகுதியை, முதன் மந்திரிகளின் அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்த சரோஜ் சக்ரவர்த்தி 1974-இல் வெளியிட்ட நூலின் வாயிலாகவே உலகம் அறிந்தது.

நேருவைவிட ஏழு வயது மூத்தவர் ராய். பாட்னாவை அடுத்த பாங்கிப்பூரில் 1882-இல் பிறந்தவர். மோதிலால் நேருவுக்கும் மகாத்மாவுக்கும் வைத்தியம் பார்த்தவர். பதவியை அவர் நாடிப் போகவில்லை. காந்தியடிகள் வற்புறுத்தியே அவர் முதன் மந்திரியானார். அவர் பதவியேற்ற சமயத்தில் அந்த ராஜ்யத்தின் கவர்னராக இருந்தவர் நம் ராஜாஜி என்பது தமிழர்கள் நினைவில் வைத்திருக்கத் தக்கது. ஆகவே டில்லியிலிருந்து வரும் சொல்லுக்குத் தலைவணங்கி நிற்கவேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் இல்லாத ஒரு மூத்த நண்பரின் குரலே இக்கடிதங்களில் ஒலிக்கிறது.

அவற்றில் மிகுந்த கனமுடையவை அகதிகளைப் பற்றியவை. நாடு பிரிவினையான பின் பஞ்சாபில் ஜனங்களின் இடமாற்றம் சில மாதங்களுக்குள் பெரும்பாலும் நடந்து முடிந்துவிட்டது; வங்காளத்திலோ அது நிற்காத கசிவாக, கலகம் மூளும்போதெல்லாம் வெள்ளமாக, பல ஆண்டுகள் தொடர்ந்தது. கிழக்கு வங்காளத்து ஹிந்துக்கள் அங்கிருந்து பெயர்ந்து வராமல் தடுக்கவேண்டும், அவர்கள் பெருந்திரளாக வந்தால் அது பேரிடராக முடியும் என்பதே 1948-இல் நேரு ராய்க்கு எழுதிய கடிதங்களின் சாரம். அந்தக் கருத்தில் மனிதாபிமானம் இல்லாமல் இல்லை. ஆயினும் ஸியால்டா நிலையத்து நடைமேடையிலே குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியவர்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த முதன் மந்திரிக்கு, வராமல் தடுப்பது என்ற பேச்சு எவ்வளவு தூரத்திலிருந்து வந்ததாகத் தோன்றியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

1949 டிசம்பர் 1-ஆம் தேதி அவர் எழுதிய கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் புலம்பல் இல்லை, அலங்காரம் இல்லை, இருப்பது கணக்கு. 1948-49, 1949-50 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மத்திய சர்க்கார் மானியமாகத் தந்தது மூன்று கோடி ரூபாய்க்குச் சற்று அதிகம். எஞ்சிய ஐந்து கோடியும் கடன். வந்து சேர்ந்தவர்களோ பதினாறு லட்சம் பேர். ஆக ஒருவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் இருபது ரூபாய் என்று வகுத்துக் காட்டிவிட்டு, இதைத் தாராளம் என்று சொல்ல முடியுமா என்று பிரதம மந்திரியையே கேட்கிறார். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொல்லும் வைத்தியரைப் போல, அவர் கோபத்தை எண்களிலேயே வைத்துவிடுகிறார். ராஜ்யங்களுக்கும் மத்திய சர்க்காருக்கும் இடையே எழுந்த வழக்குகளில் இதைவிடச் சுருக்கமும் நேர்மையும் உடைய வாதத்தை நான் கண்டதில்லை.

மறு ஆண்டு கலகங்கள் மூண்டன. 1950 ஏப்ரல் 8-ஆம் தேதி நேருவும் பாகிஸ்தானியப் பிரதம மந்திரி லியாகத் அலியும் சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காக உடன்படிக்கை செய்துகொண்டனர். அதை எதிர்த்துச் சியாமா பிரசாத் முகர்ஜியும் கே. சி. நியோகியும் மத்திய மந்திரிசபையை விட்டு விலகினர். ராய் விலகவில்லை, நட்பையும் முறிக்கவில்லை, வாதத்தையும் கைவிடவில்லை. எனினும் அவரை மட்டும் புகழ்ந்து நிறுத்துவது நியாயமாகாது. ஜாதவ்பூரிலும் டம்டம்மிலும் காலி நிலங்களில் அகதிகள் தாமே குடிசை போட்டுக்கொண்ட காலனிகளிலிருந்து அவர்களை வெளியேற்ற வகைசெய்யும் சட்டத்தை 1951-இல் கொண்டுவந்தது அவருடைய சர்க்காரே. கிளர்ச்சி எழுந்து, புனர்வாழ்வுக்கான ஷரத்துக்கள் சேர்ந்த பிறகே அச்சட்டம் நிறைவேறிற்று. டில்லியிடம் அகதிகளுக்காக வாதாடிய அதே மனிதர், அகதிகள் தமக்காகத் தாமே வாதாடியதை எளிதில் சகித்துக்கொள்ளவில்லை.

அகதிகளைப் போலவே ராஜ்யத்தின் எல்லைகளும் அவரைச் சோதித்தன. 1956-இல் வங்காளத்தையும் பிஹாரையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்று அவரும் பிஹார் முதன் மந்திரியும் கூடி வெளியிட்ட யோசனையை, கல்கத்தாவில் காங்கிரஸ் கண்ட ஓர் இடைத்தேர்தல் தோல்வி சில மாதங்களிலேயே முடித்துவைத்தது. பேருபாரி விஷயம் அதைவிடக் கடுமையானது. 1958-இல் நேரு பாகிஸ்தானியப் பிரதம மந்திரி நூனுடன் பேசி, ஜல்பாய்குரி ஜில்லாவின் அந்தப் பகுதியில் பாதியைக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டபோது, ராஜ்யத்தின் சட்டசபை அதை எதிர்த்தது. 1960-இல் சுப்ரீம் கோர்ட், அரசியல் சாஸனத்தைத் திருத்தாமல் மண்ணைக் கொடுக்க இயலாது என்று கருத்துரைத்தது. சாஸனம் திருத்தப்பட்டும் அந்த மண் கைமாறவில்லை. 1974-இல் வங்கதேசத்துடன் செய்த உடன்படிக்கை அதை இந்தியாவிலேயே நிறுத்திற்று.

இனிச் சால்ட் லேக். வித்யாதரி நதியின் வழியே கடல்நீர் ஏறி இறங்கிய சதுப்பு அது. நதி தூர்ந்து உப்பு நீர் வரத்துக் குன்றியபின், நகரத்துக் கழிவுநீரைப் பாய்ச்சி மீன் வளர்க்கும் பேரி என்னும் அகன்ற நீர்நிலைகள் அங்கே பெருகின. 1951 ஜனக்கணக்கில் கிழக்கிலிருந்து வந்தோர் மட்டும் இருபது லட்சத்தைத் தாண்டியிருந்த ராஜ்யத்தில், கல்கத்தா மேலும் ஜனங்களைத் தாங்காது என்று கண்ட ராய் கல்யாணி நகரை அமைத்தார்; பின்பு இச்சதுப்பின்மேல் கண் வைத்தார். நெதர்லாந்து நிபுணர்கள் ஆராய்ந்தனர். யுகோஸ்லாவியக் கம்பெனி பணியை ஏற்றது. அந்நாட்டு நிபுணர் டொப்ரிவொயே டோஷ்கோவிச் நகரைத் திட்டமிட்டார். ஹூக்ளி நதியின் அடியிலிருந்து வாரிய வண்டலை நீரோடு கலந்து குழாய்களின் வழியே பல மைல் தூரம் தள்ளிக் கொண்டுவந்து நிரப்பும் வேலை 1962-இல் தொடங்கியது. அதே ஆண்டில் தம் எண்பதாவது பிறந்த நாளன்று ராய் காலமானார்.

மனைகள் 999 ஆண்டுக் குத்தகையில் அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்கள் பெரும்பாலும் மத்தியதர வகுப்பினர். முகாம்களில் இருந்த ஏழை அகதிகளில் பலரை 1958 முதல் மத்திய இந்தியாவின் காட்டுப் பகுதியான தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள். பேரிகளில் வலை வீசிப் பிழைத்தவர்களோ எந்த மந்திரிக்கும் ‘என் அன்பார்ந்த’ என்று தொடங்கி எழுதக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அல்லர். அவர்கள் இழந்தது என்ன என்பதைத் தலைவர்களின் கடிதங்களில் தேடிப் பயனில்லை. நிலம் எடுத்த கோப்புகளிலும் சட்டசபை விவாதங்களிலும்தான் தேடவேண்டும். நிரப்பாமல் எஞ்சிய கிழக்குச் சதுப்பு இன்றும் கல்கத்தாவின் கழிவுநீரை வாங்கித் தெளியவைத்து மீனும் காய்கறியுமாகத் திருப்பித் தருகிறது; 2002-இல் அது சதுப்பு நிலங்களைக் காப்பதற்கான ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ராயின் காலத்து ராஜாங்கம் அதைத் தரிசு என்றே எண்ணியிருந்தது.