மோட்டாருக்கு வெளியே இருந்த வேகம்

ஸ்டெப்பர் மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ட் இருக்கும், ஆம்பியர் இருக்கும், ஒரு படிக்கு எத்தனை பாகை என்பதும் இருக்கும். உச்ச வேகம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. இது தயாரிப்பாளரின் அலட்சியம் அல்ல. இந்த மோட்டாரின் நூறாண்டு வரலாற்றைப் பார்த்தால், அதன் வேகத்துக்கு எல்லை போட்டது பெரும்பாலும் அதற்கு மின்சாரம் ஊட்டிய சுற்றுதான் என்று புரியும். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரப் பொறியாளர் சி. எல். வாக்கர், இரும்பில் பற்கள் வெட்டி மோட்டாரைச் சிறுசிறு படிகளாக நகரவைக்கும் அமைப்புக்கு 1919இல் காப்புரிமை பெற்றார். 1920களில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் பீரங்கியும் டார்பிடோக் குழாயும் நோக்க வேண்டிய திசையைத் தெரிவிக்கப் படிப்படியாக நகரும் மோட்டார்கள் பயன்பட்டன. அனுப்பும் முனையில் ஒரு சுழல் சுவிட்ச்; பெறும் முனையில் சுருள்களுக்கு நடுவே ஒரு இரும்பு ரோட்டார். சுவிட்ச் ஒரு நிலை மாறினால், ரோட்டாரோடு இணைந்த முள் ஒரு படி நகரும். சுவிட்சை மிக வேகமாகச் சுற்றினால் ரோட்டார் பின்தங்கிப் படியைத் தவறவிடும். இரு முனைகளையும் மறுபடி ஒத்துவைக்கும் வரை முள் காட்டும் திசை பொய்யாகவே இருக்கும். ஒரு படிகூடத் தவறாமல் எந்த வேகம் வரை போகலாம் என்ற கேள்வி இப்படித்தான் பிறந்தது. இன்றும் ஸ்டெப்பரின் வேகம் என்றால் அதுதான் பொருள்.

இன்று எங்கும் காணும் வடிவத்துக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபையர்டாக், டோனஹோ இருவரும் 1952இல் காப்புரிமை பெற்றார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது மெதுவாகச் சுழலும் ஏசி மோட்டார். ரோட்டாரில் நிலைக்காந்தமும் 50 பற்களும் இருந்தால், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நிமிடத்துக்கு 72 சுற்று மட்டுமே சுற்றும். பல்சக்கரப் பெட்டி தேவையில்லை. அதே இரும்பைப் பின்னர் டிரான்சிஸ்டர் சுற்றுகள் படிப்படியாக இயக்கியபோது, சுற்றுக்கு 200 படிகள் கிடைத்தன. மெதுவாக ஓடுவதற்கென்றே பிறந்த மோட்டாரிடம் உலகம் வேகம் கேட்க ஆரம்பித்தது.

தடை சுருளில் இருந்தது. சுருளின் மின்தூண்டல், மின்னோட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் எதிர்க்கும். மின்னோட்டம் ஏறி முடிப்பதற்குள் அடுத்த படிக்கான கட்டளை வந்துவிட்டால் முறுக்குவிசை குறையும். 4 மில்லிஹென்றி சுருள், 2 ஆம்பியர் மின்னோட்டம், சுற்றுக்கு 200 படி என்று வைத்துக்கொள்வோம். ஒரு படி நேரத்துக்குள் மின்னோட்டம் முழுதாகத் திசைமாற வேண்டுமென்றால், மற்ற இழப்புகளை ஒதுக்கிய கணக்கில், 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 225 சுற்றுதான் கிடைக்கும். அதே மோட்டாருக்கு 48 வோல்ட் கொடுத்தால் 900. அதற்கு மேலும் மோட்டார் சுற்றலாம், ஆனால் விசை சரிந்துகொண்டே போகும். முதல் தலைமுறைப் பொறியாளர்கள் மின்னழுத்தத்தைக் கூட்டி, சுருளோடு தொடராக ஒரு மின்தடையைச் சேர்த்தார்கள். மின்னோட்டம் வேகமாக ஏறியது. ஆனால் மின்சாரத்தின் பெரும்பகுதி மின்தடையில் வெப்பமாக வீணானது. பிறகு வந்த சாப்பர் சுற்று, உயர் மின்னழுத்தத்தைப் பாய்ச்சி, தேவையான அளவை மின்னோட்டம் எட்டியதும் துண்டித்துத் துண்டித்து இணைத்தது. இத்தாலியின் எஸ்ஜிஎஸ் நிறுவனம் எல்297, எல்298 சில்லுகளாக இதை 1980களில் தந்தபோது, 46 வோல்ட் வரை தாங்கும் இயக்கி சிறு பட்டறைக்கும் எட்டியது. அந்தச் சில்லுகளுக்கு இந்த வரலாற்றில் நான் பெரிய இடம் கொடுப்பேன். மோட்டாரின் அடிப்படை வடிவம் மாறாமலே அதன் வேகம் உயர்ந்தது அவற்றால்தான்.

ரோட்டாரின் எடையையும் அது இழுக்கும் பாரத்தையும் மறந்துவிட்டுச் சுற்றை மட்டும் புகழலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நின்ற நிலையிலிருந்து ஒரே தாவலில் உயர் வேகத்துக்குப் போக எந்த ரோட்டாராலும் முடியாது. ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனம் 1950களின் இறுதியில் உருவாக்கிய பல்ஸ் மோட்டாரில் சிறிய ஸ்டெப்பர் ஒரு வால்வை மட்டும் திருப்பியது. பாரத்தை எண்ணெய் அழுத்தம் நகர்த்தியது. அது சுமையைக் கழற்றிவிட்ட வழி. இன்னொரு வழியைச் சீகேட்டின் வன்தட்டுகளில் பார்க்கலாம். 1980இல் வந்த எஸ்டி-506இல் படிக் கட்டளைகளை வெளியிலிருந்து கட்டுப்படுத்தி ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். அடுத்து வந்த எஸ்டி-412 கட்டளைகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மோட்டாரை எப்படி வேகமெடுக்கவைப்பது, எங்கே தணிப்பது என்பதைத் தானே முடிவு செய்தது. சடத்துவத்தை வெல்லவும் கட்டளையின் நேரக்கணக்கே உதவியது.

பற்களைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 50 பல் ரோட்டாருக்குச் சுருளில் 2,500 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் வேண்டும். நான்கு துருவ இணை கொண்ட சர்வோ மோட்டாருக்கு 200 ஹெர்ட்ஸ் போதும். 2,500 ஹெர்ட்ஸில் இரும்பு சூடாகும். சுழலும் காந்தமே சுருளில் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, ஊட்டும் மின்னழுத்தத்தைத் தின்னும். இங்கே எந்தச் சுற்றும் ஓரளவுக்கு மேல் உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நுண்ணிய படிக்காகப் பற்களைக் கூட்டும்போதே வேகத்தில் ஒரு பங்கை விலையாகக் கொடுத்தாகிவிட்டது. ஃபுஜிட்சுவிலிருந்து பிரிந்த ஃபனக், 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பல்ஸ் மோட்டாரை விட்டு டிசி சர்வோவுக்கு மாறியது. கனமான இயந்திரக் கருவிகளில் சர்வோ நிலைத்தது. குறைந்த வேகமும் துல்லியமும் போதுமான அச்சுப்பொறிகளிலும் ஃப்ளாப்பி டிரைவ்களிலும் ஸ்டெப்பர் தொடர்ந்து ஓடியது.